போட்டிக்கு அனுப்புமுன்

நேயர்களே, எழுதி முடித்த நூலை உடனே உலகுக்கு வழங்கிவிடுவது பண்டைத் தமிழ்ப் புலவரின் வழக்கமன்று. அதனை அறிந்தோர் அவையில் படித்துக் காட்டித் தடைகளுக்கு விடை கூறி அரங்கேற்றிய பின்னரே நூல் நூலாயிற்று. கம்பர் தம் காவியத்தைத் திருவரங்கத்தில் அரங்கேற்றினார் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறோம். இறைவனுடைய பாட்டிலேயே நக்கீரர் குற்றம் கண்டார் என்னும் திருவிளையாடற் கதையையும் மகிழ்ந்து கேட்கிறோம். பிறர் கண் பட்டுத் தேறிய பின்னரே ஒரு படைப்பு வெளிவர வேண்டும் என்பதில் நம் முன்னோர் அவ்வளவு உறுதியாக இருந்தனர்.

இன்று நம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கைப்பேசி வடிவில் ஒரு காமிரா குடிகொண்டிருக்கிறது. தெருவில் நடக்கிறோம், கண்ணுக்கு இனிய காட்சி ஒன்று தென்படுகிறது, படம் பிடிக்கிறோம். எங்கோ ஒரு சங்கம் ஏதோ ஒரு பொருளைத் தலைப்பாகக் கொடுத்துப் புகைப்படப் போட்டி அறிவிக்கிறது. அன்றிரவே படத்தை அனுப்பிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறோம். நடுவில் அரங்கேற்றம் என்ற ஒன்று நிகழ்வதே இல்லை. அதனால் என்ன இழக்கிறோம் என்பதை நான் என் சொந்த அனுபவத்தில் அறிந்தேன். அதனையும், தெருப் படங்களுக்கு விமரிசனம் பெறும் முறையையும் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

நான் பிறந்தது சித்தூர் மாவட்டத்துப் பாலசமுத்திரம். தமிழ்நாட்டெல்லையை ஒட்டிய ஊர். 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் ஆந்திரத்துக்கும் அன்றைய சென்னை மாநிலத்துக்கும் இடையே எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று; எங்கள் ஊர் இந்தப் பக்கமே நின்றது. வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்குமாக வளர்ந்தவர்கள் நாங்கள். பிறகு மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளனாகித் தில்லி சேர்ந்தேன். ஆக, பிற மாநிலத்துத் தமிழன் என்னும் நிலை எனக்குப் பிறப்பிலேயே வாய்த்தது. பிழைப்பு அதனை இரட்டிப்பாக்கிற்று.

சில ஆண்டுகளுக்கு முன் மே மாதத்தில் விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தேன். அப்போது தில்லியில் ஒரு புகைப்படச் சங்கம் ‘தெருவில் சிரிப்பு’ என்ற பொருளில் போட்டி அறிவித்திருந்தது. திருப்பதியில் தாத்தய்யகுண்ட கங்கம்மாவின் ஜாத்திரை நடந்துகொண்டிருந்தது. காலை ஏழு மணிச் சாய்வெயிலில் நான் காமிராவுடன் தெருத்தெருவாக நடந்தேன். ஒரு தேநீர்க் கடை வாசலில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கறுத்து அடர்ந்த மீசை. உடுத்தியிருந்ததோ சிவப்புக் கரையிட்ட மஞ்சட் புடவை. பின்னலில் பூ, கை நிறையக் கண்ணாடி வளையல். ஒரு கையில் தேநீர்க் குவளையை ஏந்தி, மற்றொரு கையால் கொசுவத்தைச் சற்றே தூக்கிப் பிடித்திருந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு சினிமாச் சுவரொட்டி. அதில் கதாநாயகி, ஒரு கையை உயர்த்தி மறு கையால் புடவைக் கொசுவத்தைப் பிடித்தபடி, அவரைப் போலவே நின்றிருந்தாள்! ஷட்டரை ஒரே ஒருமுறை அழுத்தினேன். அடுத்த கணம் அவர் குவளையைக் கடைக்காரரிடம் நீட்டிவிட்டார், காட்சி கலைந்துவிட்டது.

தில்லி திரும்பியதும் படத்தை அலுவலக நண்பர்களிடம் காட்டினேன். பார்த்தவர் அனைவரும் வாய்விட்டுச் சிரித்தனர். “முதற் பரிசு உங்களுக்கே” என்றார் ஒருவர். எனக்கும் ஐயமில்லை. அனுப்புவதற்குக் கடைசி நாள் வரப் பதினைந்து நாட்கள் எஞ்சியிருந்தமையால் மட்டுமே படம் என்னிடம் தங்கிற்று. அந்தப் பதினைந்து நாட்களே என்னைக் காப்பாற்றின.

புகைப்படத்தை அறிந்தோர் முன் வைத்துத் தீர்ப்புக் கேட்கும் வழக்கம் நம் தென்னாட்டுக்குப் புதியதன்று. 1855-ஆம் ஆண்டு சென்னையில் மூலப்பொருள்கள், கலைகள், கைத்தொழில்கள் ஆகியவற்றுக்கான பெரிய கண்காட்சி ஒன்று நடைபெற்றது. லின்னேயஸ் டிரைப் என்னும் இராணுவ அதிகாரி, அதுவரை எவரும் படம் பிடித்திராத கோயில்களின் படங்கள் 68-ஐ அங்கே வைத்தார். காகிதத்தில் அச்சிட்ட காட்சிப் பட வரிசைகளுள் அவருடையதே சிறந்தது என்று நடுவர் குழு முடிவு கூறிற்று. அவரே பின்னர்ச் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராகி மதுரை, தஞ்சை, திருச்சிராப்பள்ளிக் கோயில்களை நமக்குப் படங்களாக விட்டுச் சென்றார். அந்தக் கண்காட்சிக்கு அடுத்த சில ஆண்டுகளுக்குள்ளேயே சென்னையில் புகைப்படச் சங்கமும் தோன்றியது. இன்றைய அரசினர் கவின்கலைக் கல்லூரிக்கு வித்திட்ட டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் அதில் முன்னின்றார். விடுதலைக்குப் பின் 1953-இல் இந்தியப் புகைப்படக் கூட்டமைப்பு உருவாயிற்று. ஊர்தோறும் உள்ள சங்கங்களில் உறுப்பினர் படங்களைச் சுவரில் மாட்டி ஒவ்வொன்றாகக் குறை நிறை கூறும் மாலைக் கூட்டங்கள் வழக்கத்துக்கு வந்தன.

போட்டிக்கு ஒரு பொருள் குறிப்பதும் இன்று பரவலான முறை. மத்தியச் செய்தி ஒலிபரப்பு அமைச்சகத்தின் புகைப்படப் பிரிவு 1959-இல் அமைக்கப்பட்டது. 2022-இல் வழங்கப்பட்ட 8-ஆவது தேசியப் புகைப்பட விருதுகளில் தொழின்முறையாளர்க்கு ‘வாழ்வும் நீரும்’ என்பதும், பொழுதுபோக்காகப் படம் பிடிப்போர்க்கு ‘இந்தியாவின் பண்பாட்டு மரபு’ என்பதும் பொருள்களாகக் கொடுக்கப்பட்டன. இத்தகைய சொற்றொடர்களைக் கண்டால் மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு ஒரு கணம் கை நிற்கும். பொருள் சொல்லில் கொடுக்கப்படுகிறது. விடையோ கண்ணுக்குத் தெரியும் பொருள்களில் வர வேண்டும். ‘நீர்’ என்றவுடன் வரிசையில் வைத்த குடங்கள் பலருக்கும் தோன்றும். நடுவர் முன் நூறு குடங்கள் வந்து நிற்கும். வற்றிய கிணற்றின் சுவரில் முன்னாள் நீர்மட்டம் விட்டுச் சென்ற கறையும் நீரைப் பற்றியதுதான் என்பது சிலருக்கே தோன்றும். சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது மொழிபெயர்ப்பாகாது என்று எங்கள் அலுவலகத்தில் புதியவர்களுக்குச் சொல்வோம். போட்டிப் படத்துக்கும் அது பொருந்தும்.

தெருப் படத்துக்கு வேறொரு தனிக் கடினமும் உண்டு. நிலைக்காட்சியை மறுநாள் மீண்டும் எடுக்கலாம். உருவப் படத்துக்கு அமர்ந்தவரைத் தலையைச் சற்றே திருப்பச் சொல்லலாம். தெருவில் அது நடவாது. பிரெஞ்சுக்காரரான ஆன்றி கார்ட்டியே பிரெஸ்ஸோன் 1952-இல் வெளியிட்ட நூலின் ஆங்கிலப் பெயரே ‘தீர்மானமான கணம்’ என்று பொருள்படும். காட்சியின் வடிவமும் அதன் கருத்தும் ஒரு நொடியின் சிறு பகுதியில் ஒன்றுகூடும் என்பது அவர் கொள்கை. 1950 ஏப்ரலில் இரமண மகரிஷி உடலை நீத்தபோது திருவண்ணாமலையில் இருந்து படங்கள் எடுத்தவர் அவர் என்பதை நேயர்கள் அறிந்திருக்கலாம். அத்தகைய கணம் போனால் திரும்பாது. ஆகவே தெருப் படத்துக்குக் கிடைக்கும் விமரிசனம் அந்தப் படத்தைத் திருத்தப் பெரும்பாலும் உதவாது. எந்தப் படத்தை அனுப்புவது, ஓரங்களில் எவ்வளவு வெட்டுவது, என்ன குறிப்பு எழுதுவது, அடுத்த முறை எங்கே நிற்பது என்னும் நான்குக்கே அது உதவும். இவற்றில் மூன்றாவதையே நாம் மிகவும் அலட்சியம் செய்கிறோம்.

இனி, விமரிசனத்தை யாரிடம் பெறுவது? மூன்று வகையினரை நாட வேண்டும் என்பது என் அனுபவம்.

முதலாமவர் கலை நுணுக்கம் அறிந்தவர். அவரிடம் கேட்க வேண்டியவை தெளிவானவை. பார்ப்பவன் கண் முதலில் எங்கே போகிறது? அங்கிருந்து எங்கே செல்கிறது? ஓரத்தில் தேவையற்ற கை, கால், வண்டிச் சக்கரம் ஏதேனும் நுழைந்திருக்கிறதா? முகத்தில் ஒளி இருக்கிறதா, அன்றிப் பின்னாலுள்ள வெள்ளைச் சுவரில் இருக்கிறதா? நடப்பவர் உருவம் குழம்பாமல் இருக்க நொடியில் 250-இல் ஒரு பங்கு போன்ற விரைந்த ஷட்டர் வேகம் போதுமாயிருந்ததா? என் படத்தைப் பார்த்த அத்தகைய நண்பர் சிரிக்கவில்லை. “உம்முடைய ஆள் தலையிலிருந்து மின்கம்பம் ஒன்று முளைத்திருக்கிறது பாரும்” என்றார். பார்த்தேன், முளைத்துத்தான் இருந்தது! ஓரடி இடப்பக்கம் நகர்ந்து நின்றிருந்தால் கம்பம் தலையை விட்டு விலகியிருக்கும். கதாநாயகியின் உயர்த்திய கை சுவரொட்டிக் கிழிசலில் பாதி மறைந்திருப்பதையும் அவர் சுட்டிக் காட்டினார்.

இரண்டாமவர் படக் கலையை அறியாதவர். ஆனால் போட்டிப் பொருளைச் சொன்னால் அதன் சொல்லைப் புரிந்துகொள்ளக் கூடியவர். அவரிடம் முதலில் படத்தை மட்டும் காட்ட வேண்டும். தலைப்பையும் பொருளையும் சொல்லலாகாது. “இது எதைப் பற்றிய படம்?” என்று மட்டும் கேட்க வேண்டும். ‘நீர்’ என்னும் பொருளுக்கு எடுத்த படத்தைப் பார்த்து அவர் “பஞ்சாயத்துத் தேர்தலா?” என்று கேட்டால், உங்கள் உள்ளத்தில் இருந்த பொருள் படத்தில் இல்லை என்பது விளங்கிவிடும். பல போட்டிகளில் நடுவர் முன் படங்கள் நூற்றுக்கணக்கில் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் முதற்சுற்றில் கிடைப்பது சில நொடிகளே. அந்தச் சில நொடிகளில் விளங்காததை விளக்க நாம் அங்கே இருக்கப் போவதில்லை.

மூன்றாமவரைப் பற்றிச் சொல்லுமுன், விமரிசனத்தைக் கேட்டுக்கொள்ளும் முறையைச் சொல்லிவிடுகிறேன். படங்களைக் கைப்பேசித் திரையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிக் காட்டுவதைக் காட்டிலும், அஞ்சலட்டை அளவில் அச்சிட்டு மேசையில் பரப்பிக் காட்டுவது நன்று. அச்சுப் பிரதியைக் கையில் எடுத்தவர் சற்று நேரம் அதனைப் பார்ப்பார். எடுத்தவற்றுள் முப்பதைத் தேர்ந்து பத்தாக்கி, அந்தப் பத்தைப் பிறர் முன் வைத்து மூன்றாக்குங்கள். படம் எடுத்த அன்றே தேர்வு செய்ய வேண்டா. அன்று நமக்கு வெயிலும் நடையும் கிடைத்த மகிழ்ச்சியும் நினைவில் இருக்கும். அவை படத்திலும் இருப்பதாக மயங்கிவிடுவோம். இரு வாரம் கழித்துப் பார்த்தால் படம் மட்டுமே எஞ்சும். கார்ட்டியே பிரெஸ்ஸோன் படங்களைத் தலைகீழாகத் திருப்பியும் பார்ப்பதுண்டு. அப்போது முகமும் கதையும் மறைந்து, வடிவங்களின் சமநிலை மட்டும் தெரியும். காசு செலவில்லாத அந்தச் சோதனையை நாமும் செய்து பார்க்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிறர் பார்க்கையில் நாம் வாய் திறவாதிருக்க வேண்டும். “இது எப்படி எடுத்தேன் தெரியுமா?” என்று தொடங்கினால் விமரிசனம் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். நண்பர் நம் உழைப்பைப் பாராட்டத் தொடங்குவார். படத்தைப் பார்க்க மாட்டார். “நன்றாக இருக்கிறது” என்று ஒருவர் சொன்னால் அதனை ஏற்றுக்கொண்டு, “எது நன்றாக இல்லை?” என்று மீண்டும் கேளுங்கள். அவர் சொல்லும் குறையை எழுதிக்கொள்ளுங்கள். மறுமொழி அன்றைக்கு வேண்டா.

குறை கூறுவோருக்கும் ஒரு கடமை உண்டு. 1930-களில் அமெரிக்க அரசாங்கம் உழவர் நிலையைப் பதிவு செய்யப் புகைப்படக்காரர்களை நாடெங்கும் அனுப்பிற்று. அப்பணிக்குத் தலைவராயிருந்த ராய் ஸ்டிரைக்கர், தமக்குப் பிடிக்காத நெகடிவ்களில் துளையிட்டுப் பயனற்றனவாக்கிவிடுவார். இன்று அவற்றைப் பார்ப்போர்க்கு மனிதர் முகங்களின் நடுவே கறுப்பு வட்டம் ஒன்று தெரிகிறது. ஏன் தள்ளினார் என்பது துளையைப் பார்த்து விளங்குமா? காரணம் கூறாத மறுப்பு விமரிசனம் ஆகாது. நண்பரின் படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவோர் இதனை நினைவிற் கொள்ள வேண்டும்.

இனி மூன்றாமவர். அவர் அந்தத் தெருவை அறிந்தவர்.

கடைசி நாளுக்கு ஐந்து நாட்களுக்கு முன், பாலசமுத்திரத்தில் இருக்கும் என் அக்காவுக்கு அந்தப் படத்தை அனுப்பியிருந்தேன். விமரிசனம் வேண்டி அன்று. சிரிக்கட்டும் என்றே அனுப்பினேன். அன்று மாலை அக்கா தொலைபேசியில் அழைத்தாள். சிரிப்பே இல்லை.

“ஏன் தம்பி, இந்த மனுஷன் விளையாட்டுக்கா புடவை கட்டியிருக்கார்? வேண்டுதல் இல்லையா இது?” என்றாள். சிறிது பொறுத்து, “சின்ன வயசுல உன்னைத் தோள்ல தூக்கிக்கிட்டுப் போய் அப்பா காட்டினாரே, மறந்துட்டியா?” என்றாள்.

மறக்கவில்லை, நேயர்களே. எனக்குத் தெரியும். அப்பகுதியில் கொடுமை செய்து பெண்களைத் தொல்லைப்படுத்திய பாளையக்காரன் ஒருவனைத் தேடிக் கங்கம்மா நாளுக்கு ஒரு வேடம் பூண்டு தெருத்தெருவாக வந்தாள். இறுதியில் துரை வேடத்தில் வந்து, மறைவிலிருந்து வெளிப்பட்ட அவனை மாய்த்தாள் என்பது அங்கே வழங்கும் கதை. அதனை நினைந்தே ஜாத்திரை நாட்களில் கைகால குடும்பத்தினர் அம்மனின் வேடங்களைப் பூண்டு வீதிவலம் வருகின்றனர். சாதாரண ஆடவர்களும் நேர்ந்துகொண்டு பெண் வேடம் பூண்டு கோயிலுக்குச் செல்கின்றனர். பெண்ணுக்குத் தீங்கிழைத்த ஆணை வென்ற தெய்வத்தின் முன் ஆண், பெண்ணாக வந்து நிற்கிறான். இதில் நகைப்பதற்கு என்ன இருக்கிறது? இவ்வளவும் அறிந்திருந்தும், ‘தெருவில் சிரிப்பு’ என்னும் மூன்றங்குலச் சாளரத்தின் வழியே பார்த்தபோது என் கண்ணுக்கு மீசையும் புடவையும் மட்டுமே தெரிந்தன. போட்டிப் பொருள் என் கண்ணைக் கட்டிவிட்டது. தில்லி நண்பர்கள் மீது குற்றமில்லை. அவர்களுக்கு வேண்டுதல் தெரியாது. தெரிந்த நானே அதனைத் தவறாக மொழிபெயர்த்துக் கொடுத்தேன்.

படத்தை அனுப்பவில்லை.

தெரு பொது இடம்தானே, அங்கே படம் எடுக்க என்ன தடை என்று கேட்கலாம். சட்டத்தின் விடை ஒருபுறம் இருக்கட்டும். அந்தரங்கத்துக்கான உரிமை அடிப்படை உரிமையே என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தனர். தெருவில் நிற்பவர் தம் மானத்தை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வருவதில்லை என்பதற்கு நமக்கு எந்தத் தீர்ப்பும் வேண்டியதில்லை. நாம் அவரிடமிருந்து ஒரு நொடியை எடுத்துக்கொள்கிறோம். அந்த நொடிக்கு என்ன பெயர் சூட்டுகிறோம் என்பதில் நேர்மை வேண்டும்.

உலகப் புகழ் பெற்ற ஒரு படத்தின் வரலாறு இதனை விளக்கும். 1936 மார்ச்சில் கலிபோர்னியாவில் நிப்போமோ என்னுமிடத்தில் பிழைப்புத் தேடி வந்த கூலியாட்களின் முகாமில், குழந்தைகளோடு அமர்ந்திருந்த ஒரு தாயை டோரத்தியா லாங் என்னும் அம்மையார் படம் எடுத்தார். ‘புலம்பெயர்ந்த தாய்’ என்ற பெயரால் அது உலகெங்கும் பரவிற்று. அந்தத் தாயின் பெயர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ஸன் என்பது 1978-இல்தான் உலகுக்குத் தெரிந்தது. படம் எடுத்தவர் தம் பெயரைக் கூடக் கேட்கவில்லை என்று அவர் வருந்தினார். படத்தோடு வெளிவந்த சில விவரங்கள் உண்மையல்ல என்றும் குடும்பத்தினர் மறுத்தனர். 1983-இல் அவர் நோயுற்றபோது அந்தப் படத்தை நினைந்து மக்கள் அனுப்பிய கடிதங்களும் பொருளுதவியும் குவிந்தன. அதன்பின் அவர் பிள்ளைகள் அதனைப் பெருமையோடும் பார்க்கத் தொடங்கினர். ஒரே படம், ஒரே முகம். நாற்பது ஆண்டுகள் பெயர் கேட்கப்படாமல் இருந்தது மட்டும் வடுவாக நின்றது. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு இந்த வரலாறு சற்றுக் கூடுதலாகவே உறைக்கும்.

குறிப்பில் வரும் பிழை பரிசையும் பறிக்கும். 2015-இல் ‘உலகப் பத்திரிகைப் படம்’ என்னும் பெயர் பெற்ற போட்டியில், பெல்ஜியத்தின் சார்லெருவா நகரைப் பற்றிய படத் தொடர் ஒன்றுக்கு முதற் பரிசு கிடைத்தது. தொடரில் ஒரு படம் அந்நகரில் எடுக்கப்பட்டதன்று, பிரஸ்ஸல்ஸைச் சேர்ந்த வேறோர் இடத்தில் எடுக்கப்பட்டது என்பது பின்னர் வெளிப்பட்டது. பரிசு திரும்பப் பெறப்பட்டது. அத்தொடர் தங்கள் ஊரைச் சரியாகக் காட்டவில்லை என்று முதலில் குரல் எழுப்பியவர்களுள் சார்லெருவாவின் நகரத் தலைவரும் ஒருவர் என்பது கவனிக்கத் தக்கது. நடுவர்கள் காணாததைத் தெரு கண்டது!

ஆகவே மூன்றாம் விமரிசகரிடம் கேட்க வேண்டியவை இவை: இந்தப் படத்தில் இருப்பவர் என்ன செய்துகொண்டிருக்கிறார்? நான் எழுதியுள்ள குறிப்பு சரியா? இந்தத் தலைப்பை அவர் படித்தால் என்ன நினைப்பார்? இங்கே நான் கவனிக்காமல் விட்டது எது? பெரிய படிப்போ கலைப் பயிற்சியோ இதற்குத் தேவையில்லை. தேநீர்க் கடைக்காரர் போதும். பூ விற்கும் அம்மாள் போதும். உங்கள் அலுவலகக் காவலாளி அந்த ஊர்க்காரராயின் அவரே போதும். திருப்பதிப் பேருந்து நிலையத்தில் மொட்டைத் தலையுடன் உறங்கும் கிழவியை ‘வறுமை’ என்று தலைப்பிட்டு அனுப்புமுன் ஊரைத் தெரிந்த ஒருவரிடம் காட்டினால், “அலிபிரியிலிருந்து மூவாயிரத்துக்கு மேற்பட்ட படிகளை ஏறி, முடி கொடுத்து, சாமி பார்த்துவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்குகிறாள்” என்று அவர் சொல்லக்கூடும். அப்போது உங்கள் தலைப்பு மாறும். ஒருவேளை படத்தில் நீங்கள் காணாமலிருந்த அமைதியும் தெரியத் தொடங்கும்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்க்கு இது இருமடங்கு பொருந்தும். கொல்கத்தாவிலோ புணேயிலோ அகமதாபாத்திலோ நாம் படம் எடுக்கும்போது அந்தத் தெரு நம்முடையதன்று. அண்டை வீட்டார் விழாவை நாம் நம் கண்ணால் பார்க்கிறோம். படத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி, “இதைச் சரியாகப் பார்த்திருக்கிறேனா?” என்று கேட்டால், விமரிசனத்தோடு ஒரு குவளைத் தேநீரும் கிடைக்கும், பல ஆண்டுகளாகப் புன்னகையோடு நின்றுவிட்ட பழக்கம் பேச்சாக வளரும். மறுபுறம், விடுமுறைக்குச் சொந்த ஊர் செல்கையில் அதுவும் முற்றும் நம்முடையதாக இருப்பதில்லை. நாம் இல்லாத ஆண்டுகளில் தெரு மாறிவிட்டது. நம் கண்ணும் மாறிவிட்டது. அங்கேயும் கேட்டே ஆக வேண்டும். நான் கேட்கத் தவறியதற்குக் காரணம், ஊர் எனக்குத் தெரியும் என்ற நினைப்பே.

அந்தப் படம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். மறு ஆண்டு ஜாத்திரைக்கு அச்சுப் பிரதியுடன் சென்றேன். அதே தேநீர்க் கடையில் விசாரித்து அவரைக் கண்டுபிடித்தேன். சட்டையும் வேட்டியுமாக, எல்லாரையும் போல இருந்தார். மகளின் பிரசவம் நல்லபடி முடிய நேர்ந்துகொண்டு ஐந்து ஆண்டுகள் அந்த வேடம் பூண்டதாகத் தெலுங்கில் சொன்னார். எந்தக் குறிப்பும் சொல்லாமல் படத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, நானே வகுத்த விதிப்படி வாய் மூடி நின்றேன். நெடுநேரம் பார்த்தார். பிறகு திடீரென்று உரக்கச் சிரித்தார். “அந்தச் சுவரில் இருக்கிற அம்மா மாதிரியே நிற்கிறேனே!” என்று கடைக்காரரை அழைத்துக் காட்டினார். இருவருமாகச் சிரித்தனர். மன்னிப்புக் கேட்க வந்த நான் விழித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அவர் படத்தை மடியில் வைத்துக்கொண்டு சொன்னதை என்னால் இயன்ற வரை தமிழில் தருகிறேன்: “எங்கே வேண்டுமானாலும் அனுப்புங்கள். ஆனால் இது வேண்டுதல் என்று கீழே எழுதிவிடுங்கள். எழுதிவிட்டால், பிறகு சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.”

இதைக் காட்டிலும் நல்ல விமரிசனத்தை நான் எந்தச் சங்கத்திலும் கேட்டதில்லை. தெரு நம்மைத் தடுப்பதற்காக மட்டும் பேசுவதில்லை. கேட்டால் அனுமதியும் தருகிறது, சரியான சொல்லையும் தருகிறது. சிரிப்பும் இருக்கலாம், மானமும் இருக்கலாம்; இரண்டுக்கும் நடுவே ஒரு வரி உண்மை இருக்க வேண்டும், அவ்வளவே.

அவர் கேட்டபடி இரண்டு பிரதிகள் கொடுத்தேன், ஒன்று மகளுக்காம். பிறகு அவர் சொன்ன குறிப்புடன் வேறொரு போட்டிக்கு அப்படத்தை அனுப்பினேன். பரிசு கிடைக்கவில்லை. தலையிலிருந்து மின்கம்பம் முளைத்திருக்கிறது என்று நடுவர் எழுதியிருந்தார். அவர் சொன்னது சரியே. அடுத்த முறை ஓரடி இடப்பக்கம் தள்ளி நிற்பேன்.